கம்பியில் இல்லாத நாட்கள்

1

போன கார்த்திகையில் எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். உலக நாடுகளை வரிசைப்படுத்தும் எங்கள் பட்டியல் அன்றைக்கு வெளியானது. பருவநிலை மாறுவதால் எந்த நாட்டுக்கு எவ்வளவு அடி விழும், விழுந்தால் எழுந்து நிற்க அந்த நாடு எவ்வளவு தயாராக இருக்கிறது என்று இரண்டு கேள்விகள். விடை சொல்லத் தண்ணீர், விளைச்சல், வீட்டுக் கூரை, ஆஸ்பத்திரிப் படுக்கை, வெயிலில் வீணாகும் வேலை நேரம் என்று ஏகப்பட்ட கட்டங்கள். அந்தக் கட்டங்களை நிரப்புகிறவர்களில் நானும் ஒருவன். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கிற இந்த ஊருக்கு நான் வந்து அன்றோடு பதினைந்து வருடம். அதற்கு யார் கேக் வெட்டப் போகிறார்கள்? பட்டியலுக்கு வெட்டியதிலேயே என் பங்கையும் மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

கையில் தட்டோடு நிற்கும்போது அக்கா கூப்பிட்டாள். செல்லத்தாய் அக்கா, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். பெண் போர்மேன் என்று பிரித்துச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். கல்யாணமான புதிதில் ஷெட்டில் உட்கார்ந்து வெடிமருந்து அடைக்க ஆரம்பித்தவள், பரீட்சை எழுதித் தேறி போர்மேன் ஆகி ஏழு வருடம் ஆகிறது.

"ஏலே முருகேசா, நீ நாட்டுக்கெல்லாம் மார்க்கு போடுறவந்தான?"

"மார்க் இல்லக்கா. அது வந்து, குறியீடுன்னு..."

"ஏதோ ஒண்ணு. எங்க ஷெட்டுக்கும் ஒரு மார்க்கு போட்டுக் குடு. தை மாசத்துக்குள்ள வேணும்."

விஷயம் இதுதான். போன சித்திரையில் அவள் ஷெட்டில் பேச்சியம்மா என்கிற பெண், மருந்துத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த வாக்கில் மயங்கிச் சரிந்துவிட்டாள். நல்ல வேளை, தட்டின் மேல் விழவில்லை. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதிலிருந்து ஷெட்டுப் பெண்கள் ஒரே பிடியாக நிற்கிறார்கள்: வெயில் மாதங்களில் காலை ஆறு மணிக்கு வேலையை ஆரம்பித்து, உச்சிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் ஆர்டர் இருக்கிறது, லோடு ஏற்ற வேண்டும், சீசன் தவறக் கூடாது.

"வெயிலு எந்த வருசம் இல்ல, முன்னைக்கு இப்ப கூடிருக்குன்னு எழுத்துல காட்டுங்க, தையில உக்காந்து பேசுவோம்ங்காரு. எழுத்துக்கு நான் எங்கன போவேன்? படிச்சவன் நீதான இருக்க" என்றாள் அக்கா.

அலுவலகத்தில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டை மேஜையில் வைத்தேன். உலகத்துக்கே கணக்குப் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என் அக்காவின் ஷெட் அதில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று எனக்கே தெரியாது.

2

இங்கே வந்த முதல் வருடத்தில் ஒரு நாள் வானம் இருண்டு சோவென்று மழை பிடித்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், பாடப்புத்தகத்தில் படித்த ஜெர்மனில், "இன்றைக்கு அருமையான வானிலை" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அந்தக் குடியிருப்பு முழுவதும் இந்தக் கதை பரவி, மழை பெய்தால் போதும், "உங்கள் அருமையான வானிலை வந்துவிட்டது" என்று என்னைக் கிண்டல் பண்ணுவார்கள். இன்றைக்கும் நிற்கவில்லை.

அவர்களுக்கு என்ன தெரியும்? அம்மாவும் பட்டாசு ஆலைதான். மழை பிடித்தால் பட்டாசு காயாது, வேலை கிடையாது. மழை என்றால் அம்மா வீட்டில் இருப்பாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வானிலை. வெயில் அடித்தால்தான் அடுப்பு எரியும் என்பதும் தெரியும். எங்கள் மண்ணில் மழையை நம்ப முடியாமல்தானே ஆட்கள் மானாவாரிக் காட்டை விட்டு ஆலைக்குப் போனார்கள்! வெயிலை நம்பிப் பிழைப்பை மாற்றிக்கொண்ட ஊர் அது. அந்த வெயிலே இப்போது ஆளைத் தள்ளுகிறது என்றால் எங்கே போவது?

அக்காவின் ஆலையில் வெயிலை அளக்க ஒரு முறை இருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது, எல்லோருக்கும் வெறுங்கால்தான். பன்னிரண்டு மணிக்குப் பட்டாசு காயப்போடும் சிமிண்டுக் களத்தில் அக்கா போய் நிற்பாள். பக்கத்தில் ஒருத்தி நிதானமாக ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவாள். எட்டு வரையாவது நிற்க முடிந்தால் வேலை நடக்கும். எட்டுக்கு முன்னால் கால் தானாக எழும்பினால் அன்றைக்கு மருந்து வேலை நிறுத்தம், எல்லோருக்கும் அரை நாள். வேறு யாரும் களத்தில் ஏறக் கூடாது, அக்கா கால்தான். ஆளுக்கு ஆள் தோல் வேறு, கணக்குத் தப்பிவிடும் என்பாள். அளக்கும் கோல் மாறக் கூடாது என்கிற இதையே எங்கள் அலுவலகத்தில் நாற்பது பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம்.

கால் எழும்பிய எண்ணை ஷெட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் அன்றைய தாளில் பேனாவால் எழுதுவாள். சாயங்காலம் தாளைக் கிழித்து, ஒரு வளைந்த கம்பியில் குத்தி வைப்பாள். வருடத்துக்கு ஒரு கம்பி. ஏழு கம்பிகளையும் ஒரு பட்டாசு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். இதை அவள் கைப்பேசியில் சொன்னபோது நான் வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன்.

"அது போதும்க்கா! அதை போட்டோ எடுத்து அனுப்பு" என்று கத்தினேன். பேருந்தில் பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

3

அந்த மார்கழி முழுவதும் என் கைப்பேசிக்குத் தாள்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வருடமும் மாசி முதல் வைகாசி வரை. தேதி, ராகு காலம், நல்ல நேரம், அதன் கீழே அக்காவின் கையெழுத்தில் பத்து, ஒன்பது, பத்து, எட்டு. சில தாள்களில் அலுமினியத் தூள் ஒட்டிய பெருவிரல் ரேகை வெள்ளிக் காசு மாதிரி மின்னும்.

என் மகள் மதிக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பதில் ஜெர்மனில் வரும். புத்தாண்டுக்கு இந்த ஊரில் வெடிக்கிற வெடிகளைத் தடை செய்யச் சொல்லிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பதாகை பிடித்தவள். தாள்களைப் பார்த்துவிட்டு, "அத்தை இந்த வேலையை விட்டுவிடலாமே" என்றாள், ஜெர்மனில். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நீயே உன் அத்தைகிட்ட சொல்லு" என்று அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். பிள்ளை விடவில்லை, திக்கித் திக்கித் தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

அக்கா சிரித்தாள். "வெடிக்காதீகன்னுதான கேக்குறீக? நல்லாக் கேளுங்க தாயி. புகை எங்களுக்கு மட்டும் இனிக்கவா செய்யுது? ஆனா செய்யிற பொம்பளைக்கு வேற என்ன வேலைன்னும் அந்த அட்டையில சேத்து எழுதிப் பிடி."

மதி கைப்பேசியைத் திருப்பித் தந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போனாள். இந்தப் பிள்ளை எங்களை விட்டு எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறதோ என்று எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

இதே மாதத்தில்தான் என் குடியுரிமை விண்ணப்பமும் இழுத்துக்கொண்டிருந்தது. குடியுரிமை அலுவலகத்தில் இருந்த அம்மையார் பதினைந்து வருடக் காகிதங்களையும் புரட்டி, நான்காம் வருடத்தில் ஒரே ஒரு மாதத்துக்கு மருத்துவக் காப்பீட்டுச் சான்று இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்.

"முந்தின மாதமும் இருக்கிறது, அடுத்த மாதமும் இருக்கிறது. நடுவில் ஒரு மாதம் நான் எங்கே போயிருப்பேன்?" என்று சலித்துக்கொண்டேன்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது தெரிந்தது. அது அம்மா இறந்த மாதம். வேலையை விட்டுவிட்டுப் போட்டது போட்டபடி ஓடியிருந்தேன். எந்தக் காகிதமும் எடுத்து வைக்கவில்லை. பதினைந்து வருடத்தில் நான் எங்கே இருந்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிற மாதம் அது ஒன்றுதான். சமையலறையில் நின்று அழுதேன், வெட்கம் என்ன இதில்.

4

தைப் பொங்கலுக்கு முந்தின வாரம் அட்டவணை முடிந்தது. பல நாட்களுக்குத் தாள் இல்லை. ஏழு வருடத்தில் தாள் தொலையாமலா இருக்கும் என்று நினைத்தேன். அலுவலகத்தில் காலிக் கட்டம் வந்தால் செய்வதையே செய்தேன்: கைக்குக் கிடைத்த நாட்களின் சராசரியை எடுத்து, இல்லாத இடங்களில் போட்டேன். கோடு வரைந்தேன். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. முதல் வருடச் சித்திரையும் ஏழாம் வருடச் சித்திரையும் ஒன்றுபோல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்து, "கணக்குப்படி பாத்தா வெயில் ஒண்ணும் கூடின மாதிரி தெரியலக்கா" என்றேன்.

அக்கா திருப்பிக் கேட்டாள்.

"போன வருசம் சித்திரை பதினெட்டுக்கு என்ன போட்டிருக்க?"

"ஒன்பது."

"ஏலே கூறுகெட்டவனே! அன்னைக்குத்தான்லே பேச்சியம்மா மயங்கி விழுந்தா! நாலுல கால எடுத்துட்டேன். நிப்பாட்டுங்கன்னு சொல்லி வாய மூடல, அதுக்குள்ள அவ சரிஞ்சுட்டா. ஒம்பதாம்லே, ஒம்பது!"

"அந்தத் தாள் கம்பியில இல்லியேக்கா."

"எப்பிடிலே இருக்கும்? வேலைய நிப்பாட்டுன அன்னைக்கு அந்தச் சீட்டுக்குப் பின்னாலதான் எல்லார் பேரையும் எழுதி ஆபீசுக்குக் குடுத்துவிடுவேன், அரை நாளுன்னு பதியிறதுக்கு. நிப்பாட்டாத நாளுதான் கம்பியில இருக்கும். இதக் கூடவா உனக்குச் சொல்லணும்?"

கணினியைத் திறந்தேன். தாள்களை மறுபடி பார்த்தேன். கம்பியில் எட்டுக்குக் கீழே ஓர் எண்கூட இல்லை. ஒன்றுகூட! இது என் கண்ணில் படவில்லை, படித்துப் பட்டம் வாங்கிய கண்ணில். தொலைந்தவை என்று நான் நினைத்த நாட்கள் அத்தனையும் களம் கொதித்த நாட்கள். அவற்றின் மேல் நல்ல நாட்களின் சராசரியைப் பூசி மெழுகியிருக்கிறேன். குடியுரிமை அலுவலக அம்மையாரின் குரல் காதில் விழுந்தது. அவராவது கேட்டார். நான் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

"அக்கா, அந்தச் சீட்டெல்லாம் ஆபீசுல இருக்குமா?"

"ஏழு வருசத்துச் சீட்டு எவன் வச்சிருப்பான்? கிழிச்சுப் போட்டிருப்பாக." அவள் குரல் கம்மிவிட்டது. "பொங்கல் முடிஞ்ச ரெண்டாம் வாரம் பேச்சுன்னு முதலாளி சொல்லிட்டாரு முருகேசா. பிள்ளைக எல்லாம் என் மூஞ்சியப் பாத்துட்டு இருக்காளுக."

5

ஆலை அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதுகிறவர் காதர் பாய். விருதுநகரில் அவர் குடும்பத்துக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். இவர் மட்டும் அந்த நெடி ஆகாமல் தினமும் பேருந்தேறி இங்கே வந்துவிடுவார். பொங்கல் கழித்து ஆலை திறந்த அன்று அக்கா அவர் முன்னால் போய் நின்று, நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டாள்.

அவர் எழுந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஏழு கட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாராம். வருடவாரியாக, நூல் போட்டுக் கட்டி.

"எழுதுன தாளக் குப்பையில போட எனக்கு மனசு வராதும்மா. வீட்டுல இதுக்குத்தான் தினம் ஏச்சு வாங்குறேன்" என்றாராம்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து சிரித்தாளாம், அழுதாளாம், அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஏழு கட்டுகளையும் தராசுத் தட்டில் தூக்குவது மாதிரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். முதல் வருடக் கட்டு இரண்டு விரலுக்குள் அடங்கியது. போன வருடக் கட்டைப் பிடிக்க முழுக் கை வேண்டியிருந்தது.

அதன் பிறகு என் அட்டவணைக்கு அவ்வளவு பெரிய வேலை இருக்கவில்லை. இருந்தாலும் ஒரு வாரம் உட்கார்ந்து, அவள் படம் எடுத்து அனுப்பிய எல்லாத் தாள்களையும் தேதிவாரியாகச் சேர்த்தேன். முதல் இரண்டு வருடம் நிறுத்தங்கள் சித்திரையோடு சரி. பிறகு பங்குனிக்கு வந்தன. கடைசி இரண்டு வருடம் மாசிக் கடைசியிலேயே நாலும் ஐந்தும் தலைகாட்டின. கோடு படுக்கவில்லை, ஏறியது.

ஒரு நாள் என் தோளுக்குப் பின்னால் மதி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. போன வருடத்துத் தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் திரையில் பெரிதாக்கி, அக்கா எழுதியிருந்த பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பேச்சியம்மா, மாரீஸ்வரி, சுப்புத்தாய், காளீஸ்வரி. தமிழ் எழுத்தை அவள் தானாக வாசித்து நான் கேட்டு இரண்டு வருடமாவது இருக்கும். "இவர்கள் எல்லாம் இப்போதும் அங்கே இருக்கிறார்களா அப்பா?" என்று கேட்டாள்.

சொன்ன நாளில் பேச்சு முதலாளி அறையில் நடந்தது. அக்கா என் காகிதத்தை முதலில் நீட்டவே இல்லை. ஏழு கட்டுகளையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். "இது நான் எழுதுனதுதான், ஆனா உங்க ஆபீசுல இருந்ததுங்கய்யா" என்றாள். முதலாளி கடைசிக் கட்டைக் கையில் எடுத்து, நூலைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பெயர்களையும் படித்தாராம். பிறகுதான் என் கோட்டைப் பார்த்தார்.

"காயப்போடுறதுக்கு உச்சி வெயிலு வேணுமேம்மா?" என்றார்.

"களத்துக்கு நாலு பேரு போதும்யா. வாரம் ஒரு ஆளு மாத்திக்கிடுறோம், குடையும் தண்ணியும் குடுங்க. ஷெட்டுல உக்காந்து மருந்து அடைக்கிறவள மட்டும் காலையிலயே விட்டுருங்க."

அதற்கு மேல் நடந்த பேச்செல்லாம் லோடு, லாரி, ஆர்டர். சும்மா சம்மதித்துவிட்டார் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. இரண்டு மணி நேரம் இழுபறி. கடைசியில், இந்த ஒரு வருடம் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி முடிய காலை ஆறிலிருந்து பதினொன்றரை வரை, அரை நாள் என்று பதியாமல் முழு நாள் கூலியோடு நடத்திப் பார்க்கலாம், சரக்குக் குறைந்தால் மறுபடி பேசலாம் என்று முடிந்தது.

எங்கள் அலுவலகத்தில் என் தப்பை நானே எடுத்துச் சொன்னேன். பிரிவுத் தலைவி உல்ரிகே கேட்டுவிட்டு, நாங்கள் சராசரி போட்டு நிரப்பிய கட்டங்களை எல்லாம் மஞ்சள் நிறத்தில் காட்டச் சொன்னாள். திரை முழுக்க மஞ்சள். அதிலும் வெள்ளம் வந்த வருடங்களில், புயல் அடித்த தீவுகளில், யாருக்கும் கணக்கெழுத நேரம் இருந்திருக்காத இடங்களில்தான் அதிகம். அடுத்த பட்டியலில் அந்தக் கட்டங்களைக் காலியாகவே விடுவது, ஒவ்வொன்றுக்கும் ஏன் காலி என்று அந்த ஊர் ஆட்களிடமே கேட்டு எழுதுவது என்று முடிவானது. வேலை மூன்று மடங்கு. யாரும் முணுமுணுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

குடியுரிமை அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதினேன். அந்த மாதம் என் தாய் இறந்தார், நான் ஊரில் இருந்தேன் என்று இரண்டே வரி. அம்மையார் படித்துவிட்டு, எழுந்து நின்று கை கொடுத்தார். பிறகு உட்கார்ந்து முத்திரை குத்தினார்.

6

போன வாரம் காலை ஒன்பது மணிக்கு அக்காவின் அழைப்பு வந்தது. ஊரில் அப்போது பன்னிரண்டரை. நடுச் சித்திரை. அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது. எடுக்கும்போதே, "என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலலே. வீட்டுல இருக்கேன். சும்மா கூப்பிட்டேன்."

பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம், யாரோ பெண்கள் சிரிக்கிற சத்தம். பேச்சியம்மாவும் வந்திருக்கிறாளாம், துவையலுக்கு அரைக்கிறாளாம். வேலை நாளில், உச்சிப் பொழுதில், அக்கா வீட்டில் இருந்து என்னோடு சும்மா பேசி நான் கேட்டதே இல்லை. மழை பெய்யாமலே ஆட்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்!

"சரக்கு குறையலியாக்கா?"

"குறையல. விடிகாலைக் குளுமையில கை நல்லா ஓடுது. முதலாளியே நேத்து சொல்லிட்டாரு. அது கிடக்கட்டும், மதி எங்க? பிள்ளையக் கூப்பிடு."

விடுமுறை என்பதால் மதி வீட்டில்தான் இருந்தாள். கைப்பேசியை வாங்கியதும், "அத்தை, இன்னைக்கு எத்தனை?" என்று தமிழில் கேட்டாள். இது இவர்களுக்குள் எப்போது ஆரம்பித்த வழக்கம் என்று எனக்குத் தெரியாது.

"மூணு தாயி. பன்னெண்டு மணிக்குக் களத்துல ஏறுனேன், மூணுலயே கால எடுத்துட்டேன். இந்த ஏழெட்டு வருசத்துல மூணு வந்ததே இல்ல."

மதியின் முகம் வாடிவிட்டது. "ஐயோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரும்பிப் பாத்தேன். நிப்பாட்டுங்கன்னு சொல்ல ஷெட்டுல ஒரு ஆளு இல்ல. ஆறு அறையும் பூட்டிக் கிடக்கு. குடைக்குக் கீழ நின்ன நாலு பேரும் சிரிக்காளுக."

கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. வேலை முடிந்து கையோடு வீட்டுக்கு எடுத்து வந்திருந்த இந்த வருடத்துக் கம்பி, தாள்களை விசிறி மாதிரி விரித்து. நுனியில் அன்றைய தாள், நல்ல நேரத்துக்குக் கீழே பேனாவால் எழுதிய மூன்று. பின்பக்கத்தில் எழுதப் பெயர் எதுவும் இல்லாததால், அந்தச் சீட்டு ஆபீசுக்குப் போகவில்லை. மதி படத்தைப் பெரிதாக்கி, விரலை வைத்துத் தேதிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். சித்திரை பிறந்ததிலிருந்து அன்றைய நாள் வரை, வேலை நடந்த நாட்களில் ஒரு தாள்கூடக் குறையவில்லை.